உல்ரிக் சால்கோவ்: 10 உலகப் பட்டம், நடுவில் 1906 மட்டும் எங்கே?

பனித்தளம்:
ஸ்வீடனின் ஃபிகர் ஸ்கேட்டிங் (பனிச்சறுக்குக் கலை) வீரர் சால்கோவ் 1901–1905, பிறகு 1907–1911 உலகச் சாம்பியன். 1906-ல் யாரிடம் தோற்றார்? அவர் பெயரில் இருக்கும் ஜம்ப்தான் இத்தனை பட்டத்துக்கும் காரணமா? டிவியில் அதை டோ லூப் என்ற இன்னொரு ஜம்பிலிருந்து பிரித்துப் பார்ப்பது எப்படி?

எட்டாம்வட்டம்:
தோற்கவில்லை, போகவே இல்லை. போட்டி மியூனிக்கில்; முக்கிய எதிராளி ஜெர்மனியின் கில்பர்ட் ஃபுக்ஸ். நடுவர்கள் அவர் பக்கம் சாய்வார்கள் என்று சால்கோவ் ஒதுங்கியதாகச் சொல்வார்கள். பட்டம் ஃபுக்ஸுக்குப் போனது.

ஜம்ப் காரணமில்லை. அது 1909-ல் வந்தது. 1908-லேயே கையில் 7 பட்டம். அப்போது மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் கட்டாய வடிவங்களுக்குத்தான். எட்டு போல இரண்டு வட்டம், வட்டத்துக்கு ஒரு கால், போட்ட கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் போக வேண்டும். நடுவர்கள் ஐஸில் இறங்கிக் குனிந்து கோட்டைப் பார்ப்பார்கள். உடல் சாய்வு குறைந்தால் பிளேடின் இரண்டு எட்ஜும் (விளிம்பும்) பதிந்து இரட்டைக் கோடு விழும். அதை மறைக்க வழியே இல்லை. ஃப்ரீ ஸ்கேட்டிங்கில், அதாவது வீரரே அமைத்து ஆடும் பகுதியில், துள்ளிக் குதித்து இதை ஈடுகட்டுவது அன்று கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

இடதுகால்:
ஜம்ப் விஷயம். இடப்பக்கம் சுற்றுபவர் என்றால், சால்கோவில் இடது காலின் பின் உள் எட்ஜிலிருந்து (பின்னோக்கிச் சறுக்கும்போது பிளேடின் உள்பக்க விளிம்பு) எழும்புவார். வலது கால் பின்னாலிருந்து முன்னால் வீசி வரும், ஐஸைக் குத்தாது. டோ லூப்பில் எழும்புவது வலது காலின் பின் வெளி எட்ஜ், இடது காலின் டோ பிக் (பிளேடின் முன்முனைப் பற்கள்) ஐஸில் குத்தும். இரண்டிலும் இறங்குவது வலது பின் வெளி எட்ஜ்தான், அதனால் இறக்கத்தைப் பார்த்துப் பயனில்லை. குத்தும் கால் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கற்பவர்கள் கெடுத்துக்கொள்வது நுழைவில். த்ரீ டர்ன் (ஒரே காலில் முன்னோக்கிப் போய்ப் பின்னோக்கித் திரும்புவது) முடிந்ததும் தோளை நிறுத்திப் பிடிக்காவிட்டால் உடல் முன்கூட்டியே சுழன்றுவிடும், உயரம் கிடைக்காது. 1909-ல் சால்கோவ் போட்டது ஒரே சுற்று. அமெரிக்க வீரர் டிமோதி கோபெல் 1998-ல் இதே ஜம்பில் நான்கு சுற்று இறக்கினார்.

பனித்தளம்:
1911-க்குப் பிறகு?

எட்டாம்வட்டம்:
1913-ல் ஒன்பதாவது ஐரோப்பியப் பட்டம். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், 1920 ஆண்ட்வெர்ப்பில் 42 வயதில் நான்காவது. அதே ஆண்ட்வெர்ப்பில் அமெரிக்காவின் தெரசா வெல்ட், சால்கோவ் ஜம்ப் போட்டதற்கு, பெண்ணுக்கு இது அழகில்லை என்று நடுவர்கள் கண்டித்தார்கள். ஜம்பின் பெயருக்குரிய சால்கோவ் 1925 முதல் 1937 வரை சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் தலைவர்.