முன்பக்க சஸ்பென்ஷனை வீட்டிலேயே மாத்தலாமா?

வேளச்சேரி வண்டிக்காரன்:
2013 ஸ்விஃப்ட் டீசல், 1,20,000 கி.மீ. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினா முன்னாடி இடது பக்கம் 'டொக்'குங்குது. லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடிச்சிருக்கிற கை), லிங்க் ராடு (ஸ்டெபிலைசர் பாரை இணைக்கிற சின்னக் கம்பி), ஷாக் எல்லாமே ரெண்டு பக்கமும் மாத்தணும்னு ஒர்க்‌ஷாப்ல 22,000 கேக்குறாங்க. ஜிபி ரோட்ல பார்ட்ஸ் வாங்கி அபார்ட்மென்ட் பார்க்கிங்லயே போட்டுடலாம்னு இருக்கேன்.

கிரீஸ் கை:
வேணாம் தம்பி. ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டுல ஸ்பிரிங் அமுங்கி உக்காந்திருக்கு. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஸ்ஸர் மாட்டாம மேல் நட்டைக் கழட்டினா மூஞ்சியப் பேத்துடும். பார்ட்ஸ் காசு எப்படியும் போகப்போவுது. லேபர் மிச்சம் பிடிக்க இந்த வம்பு எதுக்கு?

ஓஎம்ஆர் டீசல்:
அண்ணே, ஸ்பிரிங் விஷயம் சரி. லோயர் ஆர்முக்கும் லிங்க் ராடுக்கும் ஸ்பிரிங்கைத் தொடவே வேணாமே? எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டிப் பயமுறுத்தாதீங்க.

வண்டிக்காரரே, மொதல்ல லிங்க் ராடு மட்டும் போடுங்க, 'டொக்' சத்தத்துக்குப் பாதி நேரம் அதான் காரணம். முன் வீல் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்துங்க. ஒரு பக்கம் மட்டும் தூக்கினா, ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கிட்டு நிக்கும், ராடு வெளிய வராது. வெறும் ஜாக்கிய நம்பி அடியில தலைய விடாதீங்க.

கிரீஸ் கை:
எழுதுறது சுலபம். 2015லயோ 2023 டிசம்பர்லயோ சென்னை வெள்ளத்துல நின்ன வண்டியா இருந்தா லோயர் ஆர்ம் நுனியில இருக்கிற பால் ஜாயின்ட்டோட போல்ட் துருவேறி, சக்கரத்தைத் தாங்குற நக்குள்லயே ஒட்டியிருக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போல்ட் முறிஞ்சா யார்கிட்ட போவீங்க? திங்கக்கிழமை ஆபீசுக்கு ஆட்டோதான். வேலை முடிஞ்சதும் சக்கரம் நேரா நிக்குதான்னு அலைன்மென்ட் வேற பாக்கணும், இல்லனா டயர் ஓரமாத் தேஞ்சிடும்.

ஓஎம்ஆர் டீசல்:
அலைன்மென்ட்ட யாரும் வீட்ல பாக்கச் சொல்லல. போல்ட்டுக்கு முந்தின ராத்திரியே துரு ஆயில் ஊத்தி ஊற விடணும். நான் ஒண்ணு கேக்குறேன்: லோயர் ஆர்ம் ரப்பர் புஷ் போல்ட்ட வண்டி லிஃப்ட்ல தொங்கும்போதே இறுக்குற ஷெட்டு எத்தனை? சக்கரம் தரையில உக்காந்து பாரம் இறங்கினப்புறம்தான் கடைசி இறுக்கு. இல்லனா ரப்பர் முறுக்கின நிலையிலேயே ஓடி சீக்கிரம் கிழியும்.

கிரீஸ் கை:
அவசரத்துல அப்படிப் பண்றவன் இருக்கான், இல்லங்கல. ஆனா ஒண்ணு, ஸ்பிரிங் வாங்குற நிலை வந்தா டீசலுக்குன்னு கேட்டு வாங்குங்க. இன்ஜின் கனம் ஜாஸ்தி, பெட்ரோல் ஸ்பிரிங் போட்டா மூக்கு தாழும்.

வேளச்சேரி வண்டிக்காரன்:
நேத்து லிங்க் ராடு ரெண்டும் போட்டேன். 1 மணி நேர வேலைன்னு நெனச்சது 3 மணி நேரம் ஆச்சு. நட்டைத் திருப்பினா ராடு நுனியில இருக்கிற பால் ஸ்டட்டும் கூடவே சுத்துது. ஸ்டட் நுனியில ஆலன் கீ போட்டுப் பிடிச்சாதான் கழண்டுச்சு. வாட்ச்மேன்தான் டார்ச் பிடிச்சாரு. 'டொக்' நின்னுடுச்சு. ஆனா நின்ன இடத்துல ஸ்டியரிங்க ஒடிச்சா மேல ஸ்பிரிங் பக்கத்துலேர்ந்து 'டங்'குனு ஒரு சத்தம்.

கிரீஸ் கை:
ஸ்ட்ரட்டோட மேல் முனையில இருக்கிற மவுன்ட் பேரிங்கா இருக்கும். அதுக்கு ஸ்பிரிங்கைக் கழட்டியே ஆகணும். வண்டிய எடுத்துட்டு வா தம்பி.