மறு: நூலக மின்னூல்களை இரவல் தரும் லிபி (Libby) செயலியில், நூலுக்கு வரிசையில் இடம் பிடிக்கும் ‘ஹோல்டு’ பொத்தானுக்குத் தமிழ்: முன்பதிவா, முறைப்பதிவா?

> ரயிலால் பழகிய சொல் ‘முன்பதிவு’. அதையே வைக்கலாமே?

வணக்கம் ஐயா.

பழகியதுதான் சிக்கல். ரயிலில் பயண நாள் முன்பே தெரியும். லிபி செயலியில் நூல் என்றைக்குக் கிடைக்கும் என்பதற்கு உத்தேசக் கணக்குதான். நூலகம் 2 படிக்கு உரிமம் வாங்கியிருந்தால் ஒரு நேரத்தில் 2 பேருக்குத்தான் இரவல். மின்னூல்தானே, எத்தனை பேருக்கும் கொடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. முறை வந்தபின் 3 நாளுக்குள் எடுக்காவிட்டால் நூல் அடுத்தவருக்குப் போகும். நம் பதிவு 7 நாள் தள்ளிப்போகும். மறுபடியும் விட்டால் ரத்து.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து வாய்க்கால் முறையும் இதேதான்: நம் முறையில் மடை திறக்காவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்கு. அதனால் ‘முறைப்பதிவு’ என்கிறேன்.

முறை வந்த நூலைப் பிறகு கேட்கும் ‘டெலிவர் லேட்டர்’ என்பதற்கு ‘நிறுத்திவை’ வேண்டாம். தள்ளிப்போட்டாலும் வரிசையில் நம் இடம் முன்னேறிக்கொண்டேதான் இருக்கும். ‘நிறுத்தம்’ என்று கண்டால் இடம் போயிற்று என நினைப்பார்கள். ‘பிறகு தா’ போதும்.

‘டியூ டேட்’, அதாவது இரவல் முடியும் நாள்: மலையாளத்தின் ‘அவதி’ பாலக்காட்டில் செல்லும், பொள்ளாச்சியில் அது துன்பம். ‘கெடு’ இருக்கிறதே. கெடு முடிந்ததும் நூல் தானே மீண்டுவிடும், அபராதமில்லை. ஆகவே ‘திருப்பிக் கொடு’ என்பதை முன்கூட்டியே விடுவிக்கும் பொத்தானுக்கு மட்டும் வைக்கலாம்.

– சித்தூரிலிருந்து

> அதனால் ‘முறைப்பதிவு’ என்கிறேன்.

வாய்க்கால் ஒப்புமை சரி, சொல் இடறுகிறது. ‘முறையான பதிவு’ என்றுதான் பலர் படிப்பார்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியமும் லிபி வழியாகத் தமிழ் மின்னூல் தருகிறது. அங்குள்ளவர்களுக்கு மடையும் தெரியாது. பொத்தானில் ‘வரிசைப்பதிவு’, அறிவிப்பில் ‘உங்கள் முறை வந்தது’. இரண்டும் நிற்கும்.

இன்னொன்று: ‘இரவல் எடு’வும் ‘பதிவிறக்கு’வும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. ஒலிநூலில் இது பெரிய தொல்லை. நொடிக்கு 64 கிலோபிட் என்றால் 10 மணி நேர நூல் ஏறக்குறைய 290 எம்பி. வைஃபையில் மட்டும் இறக்கும்படி அமைத்துவிட்டு, வீட்டில் இரவல் எடுத்ததோடு, இறங்கி முடியுமுன் கிளம்பினால், கேரள எல்லை வாளையாறு தாண்டி சிக்னல் போனதும் ஒலி நின்றுவிடும். இறக்கியதற்குத் தனி அடையாளம் வேண்டும். ‘கைவசம்’ என்று போடலாமா?

– செங்கோட்டையிலிருந்து

> ‘கைவசம்’ என்று போடலாமா?

வேண்டாம். இரவல் எடுத்தாலே கைவசம்தான். ‘இறக்கியது’ என்றே இருக்கட்டும். ‘வரிசைப்பதிவு’க்குச் சம்மதம்.

– சித்தூரிலிருந்து