பொம்மை வீட்டுக்கு ஒரு சங்கடப்படலை

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். பொம்மை வீடு கட்டியவர்கள், கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

சென்ற வருடம் சித்திரை விடுமுறைக்குச் சற்று முன்னர், இலண்டனில் இருக்கும் அக்கா கப்பலில் அனுப்பிய பொதி வந்து சேர்ந்தது. உடுப்புகளுக்கும் சவர்க்காரத்துக்கும் அடியில் தட்டையாகக் கனத்த அட்டைப்பெட்டி ஒன்று. பிரித்தால் முழுவதும் பலகை: சுவர், தளம், கூரை, படிக்கட்டு, யன்னல் சட்டங்கள், ஒரு பை நிறையத் திருகாணியும் பிணைச்சலும், கூடவே மெல்லிய கையேடு. ஒன்பது வயது மகள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "வீடு எங்கே அம்மா?" என்று கேட்டாள். நாங்கள்தான் கட்டவேண்டும் என்றேன். இரண்டு மாடி, ஆறு அறை, கதவுபோலத் திறக்கும் முன்சுவர். அளவு பன்னிரண்டில் ஒன்று. உண்மை வீட்டில் ஓர் அடி என்றால் இதில் ஓர் அங்குலம்.

பலகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் முதல் மாத உழைப்பு முழுவதும் அதனால்தான் வீணானது. வந்தது மரப்பலகை இல்லை. மர நாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்கிற எம்.டி.எப். பலகை. தட்டையான முகத்தில் பெயின்ற் நன்றாகப் பிடிக்கும். வெட்டிய ஓரமோ எவ்வளவு பூசினாலும் குடித்துக்கொண்டே இருக்கும், பிறகு பொருமிச் சொரசொரத்து நிற்கும். வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் விட்டு ஓரங்களுக்கு இரண்டு முறை பூசி, காயவிட்டு, 240ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரால் தேய்த்த பிறகுதான் பெயின்றைத் தொடவேண்டும். மெல்லிய பலகையில் ஒரு பக்கம் மட்டும் பூசினால் அது வளைந்துவிடும், ஆகவே இரண்டு பக்கமும் பூசுங்கள். தேய்க்கும்போது பறக்கும் தூள் மிக நுண்ணியது. முகக்கவசம் இல்லாமல் தேய்க்காதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேய்க்கவே வேண்டாம்.

பசை தொடுமுன் எல்லாத் துண்டுகளையும் ஒட்டுநாடாவால் கட்டி ஒருமுறை நிறுத்திப் பார்க்கச் சொல்லிக் கையேடு சொன்னது. நான் அவசரப்பட்டேன். சுவர்களுக்கு இரண்டு பூச்சு அடித்துவிட்டு மேல்மாடித் தளத்தைச் செருகப் பார்த்தால் அது உள்ளே போகவில்லை. தளத்தைச் செருகச் சுவரில் வெட்டியிருந்த தவாளிப்புக்குள் பெயின்ற் இறங்கித் தடித்திருந்தது. ஒரு கிழமை, இரவு இரவாக, பழைய நகவெட்டியில் இருக்கும் சின்ன அரத்தால் சுரண்டினேன்.

ஐப்பசியில் மழை தொடங்கியபோது சுவர்க் கடதாசி ஒட்டும் கட்டத்துக்கு வந்திருந்தோம். கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒட்டினேன். மூன்றாம் நாள் பார்த்தால் படுக்கையறைச் சுவரில் இருந்த பூக்களைக் கரப்பான் அரித்திருந்தது. மகள் அழுதாள். யாழ்ப்பாண நகரில் புத்தகம் கட்டுகிற ஐயா ஒருவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "பசையில் மயில்துத்தம் போடவில்லையா, பிள்ளை?" அவர் தன் பசைச் சட்டியைக் காட்டினார், இளநீலமாக இருந்தது. பூச்சி நெருங்காமல் இருக்க ஒரு சிட்டிகை போதும் என்றார். மயில்துத்தம் நஞ்சு. அந்த வேலையை மட்டும் நான் கையுறை போட்டுக்கொண்டு, பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரத்தில் செய்தேன்.

இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "இந்த வயதில் பொம்மை விளையாட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அது மனதில் தைத்தது. அதன் பிறகுதான் இதன் வரலாற்றைத் தேடி வாசித்தேன். 1550களின் இறுதியில் பவேரியாவின் ஐந்தாம் அல்பிரெக்ட் கோமகன் ஒரு சிறு வீடு செய்வித்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அம்ஸ்ரர்டாமில் பெற்ரொனெல்லா ஓர்ட்மன் என்ற பெண்மணி செய்வித்த வீடு இன்றும் அந்நகரத்து றைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவை பெரியவர்கள் தங்களுக்காகச் செய்வித்தவை, பிள்ளைகள் விளையாடுவதற்காக அல்ல. இங்கிலாந்தில் மேரி மகாராணிக்காக 1921 முதல் 1924 வரை கட்டிய பொம்மை வீடும் எங்களுடையதைப் போலவே பன்னிரண்டில் ஒன்று. வடிவமைத்தவர் எட்வின் லட்டியன்ஸ். குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், மின்தூக்கி ஏறி இறங்கும்.

இதை ஒரு மாலையில் மகளுக்கு உரக்க வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். விறாந்தையில் இருந்த மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குழாய் சரி, கிணறு எங்கே?" என்றார்.

மாமிக்கு எழுபத்தாறு வயது. அதுவரை அவர் இந்த வேலைக்குப் பக்கத்தில் வந்ததில்லை. அன்று எழுந்து வந்து மேசைக்கு முன்னால் இருந்தார். வீட்டுக்குள் விரலை நீட்டி, "இது என்ன மாடம்?" என்றார். குளிர் நாட்டில் அறைக்குள் நெருப்பு மூட்டுகிற இடம் என்றேன். "எங்களுக்கு எதற்கு அறைக்குள் நெருப்பு? சுவாமியை வையுங்கள்." அப்படித்தான் கணப்பு இருந்த இடம் எங்கள் சுவாமி மாடமானது. வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு அவர் கேட்ட அடுத்த கேள்வி எங்கள் திட்டம் முழுவதையும் மாற்றியது. "படலை இல்லையா, பிள்ளை? படலை இல்லாவிட்டால் வருகிறவர் எங்கே நின்று கூப்பிடுவார்?"

மாடிவீடு மாடிவீடாகவே இருக்கட்டும் என்று மகள் பிடிவாதமாக நின்றாள். ஆகவே வீட்டை அப்படியே விட்டுவிட்டு, நாலடிக்கு மூன்றடிப் பிளைவூட் பலகை ஒன்றை அடியில் வைத்து அதை வளவாக்கினோம். கிணறு, துலா, தனிக் குசினி, வேலி, அதோடு கூரையும் திண்ணையும் உள்ள வாசலான சங்கடப்படலை. இவற்றுக்குக் கையேடு கிடையாது. அளவு மாமியிடம் இருந்தது. அங்குலத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. திண்ணை எவ்வளவு உயரம் என்று கேட்டால், "இருந்தால் குதிக்கால் நிலத்தில் முட்ட வேண்டும்." அவரைக் கதிரையில் இருத்தி முழங்கால் மடிப்பில் இருந்து குதிக்கால் வரை அளந்தேன்: 16 அங்குலம். எங்கள் திண்ணை ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். கிணற்றுக்கட்டு? "இடுப்பில் இருக்கும் குடத்தைக் குனியாமல் இறக்கி வைக்க வேண்டும்." குசினி வாசல்? "நான் நிமிர்ந்து போவேன், உன் மாமா குனிந்துதான் வருவார்." மாமி ஐந்தடி. மாமா ஐந்தடி ஏழு அங்குலம் இருந்தவர். வாசலை ஐந்தேகால் அங்குலத்துக்கு வெட்டினேன். அவர் அதன் வழியே பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பாய்தான் எல்லாவற்றையும்விடக் கடினம். ஆறடிக்கு மூன்றடிப் பாய் எங்களுக்கு ஆறு அங்குலத்துக்கு மூன்று அங்குலம், அதில் சிக்கல் இல்லை. ஓலைக் கீற்றின் அகலத்தில்தான் சிக்கல். வீட்டுப் பாயின் கீற்றை அளந்தால் 6 மில்லிமீற்றர். பன்னிரண்டால் பிரித்தால் அரை மில்லிமீற்றர். நானே பச்சைக் குருத்தோலையில் ஒன்று இழைத்துப் பார்த்தேன். காய்ந்ததும் கீற்றெல்லாம் சுருங்கி, இடையிடையே வெளி விழுந்துவிட்டது. மாமி ஓலையை முதலில் வெயிலில் காயவைத்தார். பிறகு ஈரத்துணியில் சுற்றி ஓர் இரவு வைத்தார். மறுநாள் காலை முற்றத்து வெளிச்சத்தில் இருந்து, ஓலை நுனியை இடது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து, தையல் ஊசியை அதில் குத்தி, ஊசியை அசைக்காமல் ஓலையை மட்டும் தன் பக்கம் இழுத்தார். நார் போன வழியே கீறல் நேராக ஓடியது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே ஓலை தாங்கவில்லை, அறுந்துவிட்டது. ஒரு மில்லிமீற்றரிலேயே இழைத்தார். பகல் வெளிச்சத்தில் மட்டும், நாளுக்கு ஒரு மணித்தியாலம், பதினொரு நாள். கணக்குப்படி அந்தக் கீற்று இரண்டு மடங்கு அகலம். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் சுருட்டிச் சாத்தி வைத்தால் அது பாயேதான். அளவுகோலை அன்றைக்கு மூடி வைத்தேன்.

படலைக்குப் பனஞ்சிலாகையில் நான்கு கால் சீவி, மேலே ஓலைக் கூரை போட்டு, இரண்டு பக்கமும் சின்னத் திண்ணை வைத்தோம். வழியால் போகிறவர் வெயிலுக்கு ஒதுங்கவும் சற்று இருந்து இளைப்பாறவும் எங்கள் ஊரில் வாசலிலேயே இடம் விட்டிருந்தார்கள். இப்போது எங்கள் ஒழுங்கையில் இருப்பவை எல்லாம் இரும்புக் கேற். மகள் சங்கடப்படலையை முதலில் பார்த்தது இந்தப் பலகையில்தான்.

ஒன்றுதான் மிச்சம். திண்ணையில் வைக்க மூக்குப்பேணி, அதாவது மூக்கு வைத்த குடிக்கும் பாத்திரம், வேண்டும் என்கிறார் மாமி. களிமண்ணில் செய்தேன், மூக்கு உடைந்தது. அலுமினியத் தாளில் செய்தேன், நசுங்கியது. எப்படிச் செய்யலாம் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

*

சுன்னாகத்தில் இருந்து. மின்னியல் பொருட்கள் திருத்துவது என் தொழில். தங்கச்சியின் மகளுக்காக இதேபோல ஒரு வீட்டுக்கு விளக்குப் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் விளக்கைப் பற்றி எழுதவில்லை, இனிமேல்தான் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். உண்மையில் கம்பியைச் சுவர்க் கடதாசிக்கு முன்பே ஓட்டியிருக்க வேண்டும். இப்போது மூலைகளில் மெல்லிய சட்டம் ஒட்டி அதற்குப் பின்னால் மறைக்கலாம். வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ற்று போதும். 9 வோல்ற்றுப் பற்றரியில் நேரே கொடுத்தால் எரிந்துபோகும். ஒவ்வொரு குமிழுக்கும் தனித்தனியே, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 330 ஓம் தடையி ஒன்று போடுங்கள். நான் 470 போட்டேன், வெளிச்சம் தணிந்து விளக்கு வைத்ததுபோல இருந்தது. சுவாமி மாடத்துக்கு மஞ்சள் கலந்த வெள்ளை வாங்குங்கள், நீலம் கலந்ததை வாங்கிவிடாதீர்கள். பற்றரியைக் கிணற்றுக்கட்டுக்குள் ஒளித்து வைக்கலாம்.

*

பருத்தித்துறையில் இருந்து. என்னிடம் இருப்பது இருபத்துநான்கில் ஒன்று. கதிரை ஒன்றரை அங்குலம்கூட இல்லை, சாமணம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் பெட்டியோடு வரும் இரும்புப் பிணைச்சலை நம்பவேண்டாம், உப்புக்காற்றில் ஒரு வருடத்தில் துருப்பிடித்தது. பித்தளையில் மாற்றிவிட்டேன். உங்கள் மாமிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என் அம்மம்மாவும் பாய் இழைத்தவர். ஊசியைக் குத்திவிட்டு ஓலையை இழுப்பார் என்று நீங்கள் எழுதியதை வாசித்ததும் எழுந்து போய் அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஊசி இருக்கிறது.

*

கஸ்தூரியார் வீதியில் நகைப் பட்டறையில் வேலை செய்கிறேன். மூக்குப்பேணிக்கு வருகிறேன். களிமண்ணும் வேண்டாம், தாளும் வேண்டாம். உண்மைப் பேணி நாலு அங்குல உயரம் என்று வைத்தால் உங்களுக்கு வேண்டியது 8 மில்லிமீற்றர் அளவில். மெல்லிய பித்தளைத் தகட்டை நெருப்பில் காட்டி இளக்கி, உருண்டை முனை உளியால் ஈயக்கட்டியின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குழியாக்க வேண்டும். ஒரே அடியில் இறக்கினால் கிழியும். வாய் விளிம்பைத் தனியே கம்பியில் வளைத்து வைக்க வேண்டும். மூக்கையும் தனியே ஒரு சிறு தகட்டைக் கூம்பாகச் சுருட்டிச் செய்து, பேணியில் துளையிட்டுப் பற்றவைக்க வேண்டும். பற்றாசு அரிசிக் குறுணி அளவுக்கு மேல் போனால் ஓடி மூக்கை அடைத்துவிடும். வீட்டில் ஊதுகுழல் இல்லாமல் செய்ய முடியாது, முயற்சி செய்து கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். எழுதிவிட்டு எனக்கே ஆசை வந்து நேற்று இரவு ஒன்று செய்தேன். முதலாவது கிழிந்தது. இரண்டாவது நிற்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அக்கா.

*

கொக்குவிலில் இருந்து மீண்டும். எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை மகளோடு போய்ப் பேணியை வாங்கி வந்தோம். தம்பி காசு வாங்க மறுத்துவிட்டார். துளி தண்ணீர் விட்டுப் பார்த்தோம், மூக்கால் வருகிறது. உள்ளங்கையில் வைத்தால் ஒரு மிளகின் பருமனைவிடச் சற்றுப் பெரிது, ஆனால் வாய் விளிம்பில் மடிப்புக்கூட இருக்கிறது.

மகள் அதைத் திண்ணையில் நிமிர்த்தி வைத்தாள். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து நீண்ட நேரம் பார்த்தார். மூக்கு சரியான நீளம் என்றார். பிறகு நகநுனியால் அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். குடித்து முடிந்ததும் கழுவிக் கவிழ்க்க வேண்டும் என்று மகளுக்குச் சொன்னார்.