1931 மாடல் ஏ: பின் ஆக்சில் ஃபிரேமில் இடிக்கிறது

கலிபோர்னியாவில் இருக்கிறேன். வண்டி 1931 ஃபோர்டு மாடல் ஏ கூபே, ஒரிஜினல் ஃபிரேம். பழைய ஹாட் ராட் (மாற்றியமைத்த பழங்கால கார்) போலத் தாழ்வாக நிற்க வேண்டும் என்று மார்ச்சில் வேலையைத் தொடங்கினேன்.

முன்பக்கம் 4 இன்ச் டிராப் ஆக்சில் (நடுப்பகுதி தாழ்ந்தது) போட்டேன். முன் சக்கரங்களை இணைக்கும் டை ராட், ஆக்சிலைப் பிடித்திருக்கும் V வடிவ விஷ்போனில் இடித்தது, ஸ்டீயரிங் ஆர்மைச் சூடாக்கி வளைத்ததும் சரியாகிவிட்டது. தலைவலி பின்பக்கம்தான். இரும்புப் பட்டைகளை அடுக்கிய குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கில் ரிவர்ஸ் ஐ (முனை வளையங்கள் எதிர்ப்பக்கம் சுருண்ட) மெயின் பட்டை மாற்றி, கூடவே 3 பட்டைகளைக் கழற்றினேன். நிற்கும்போது அவ்வளவு அழகு! ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஆக்சிலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைகிறது. ஸ்பீட் பிரேக்கரில் டமாரென்று இடிக்கிறது. ஃபிரேமின் அடியில் கட்டைவிரல் அளவுக்குப் பெயின்ட் போய் இரும்பு பளபளக்கிறது.

ஒரு பட்டையைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், இடி நிற்கவில்லை. புது ஷாக் அப்சார்பரும், ஆக்சிலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இடி தாங்கும் ரப்பர் பம்ப்பரும் போட்டும் அதே கதை. ஏர் பேக் (காற்றுப் பை ஸ்பிரிங்), காயில் ஓவர் (ஷாக்கைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்) வேண்டாம், அந்தக் காலத்து முறையிலேயே முடிக்க ஆசை.

ஃபிரேமை வெட்டி நாட்ச் (ஆக்சிலுக்கு இடம்விடும் பள்ளம்) போடாமல், இப்போதைய உயரத்திலேயே இந்த இடியை நிறுத்த வழி உண்டா?