குழு உரையாடலில் எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கோவை மாணவி:
எம்.பி.ஏ. புராஜெக்டுக்காக, பாக்கெட் இட்லி மாவு பற்றி ஒரே குடியிருப்பில் இரண்டு ஃபோகஸ் குரூப் (சிலரை ஒன்றாக உட்காரவைத்து ஒரு பொருளைப் பற்றிப் பேசவைப்பது) நடத்தினேன். குழுவுக்கு எட்டுப் பெண்கள். எல்லோரும் "வீட்டில்தான் அரைக்கிறோம், அவசரத்துக்கு எப்போதாவது வாங்குவோம்" என்றே சொல்கிறார்கள். ஆனால் வாசலில் கடை வைத்திருப்பவர், காலையில் இறக்கும் மாவு சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும் என்கிறார். கேள்வியை மாற்றிக் கேட்டும் பலனில்லை. எங்கே தப்பு?

களப்பணிக்காரி:
முதலில் பேசியது யார்? சொந்தக்காரர்கள் யாராவது ஒன்றாக உட்கார்ந்திருந்தார்களா?

கோவை மாணவி:
வயதில் மூத்த ஒரு அம்மாதான் ஆரம்பித்தார், அக்கா. இரண்டு குழுவிலும் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே இருந்தார்கள்.

களப்பணிக்காரி:
அங்கேதான் சிக்கல். மாமியார் எதிரில் எந்த மருமகள் மாவு வாங்குகிறேன் என்பாள்? 1950இல் மேசன் ஹேர் என்ற அமெரிக்க ஆய்வாளருக்கும் இதே மாதிரி ஒரு புதிர். இன்ஸ்டன்ட் காபி ஏன் பிடிக்கவில்லை என்று நேராகக் கேட்டால், ருசி சரியில்லை என்றார்கள். அவர் இரண்டு மளிகைப் பட்டியல் தயாரித்தார். ஒன்றில் நெஸ்கஃபே இன்ஸ்டன்ட் காபி, மற்றதில் மேக்ஸ்வெல் ஹவுஸ் ஃபில்டர் காபித்தூள். மற்ற பொருள் எல்லாம் ஒன்றே. ஒருவருக்கு ஒரு பட்டியல் மட்டும் காட்டி, "இதை வாங்கிய பெண் எப்படிப்பட்டவள்?" என்று கேட்டார். நெஸ்கஃபே பட்டியலைப் பார்த்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் "சோம்பேறி" என்றார்கள். மனதில் இருந்தது அதுதான், ருசி இல்லை.

நீயும் அப்படிச் செய். ஒரு பட்டியலில் பாக்கெட் மாவு, மற்றதில் இட்லி அரிசியும் உளுந்தும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துக் கேள். அப்புறம் "வழக்கமாக" என்ற சொல்லே வேண்டாம், "நேற்று ராத்திரி என்ன டிபன், மாவு எப்போது அரைத்தது?" என்று கேள்.

புள்ளிவிவரப் பிரியன்:
ஒன்று கவனம். பத்துப் பதினைந்து பேரை வைத்துச் சதவீதம் எழுதாதீர்கள். காரணங்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்த முறை. எத்தனை பேர் என்பதற்குத் தனி சர்வே வேண்டும்.

கோவை மாணவி:
இன்று ஆறு பேரைத் தனியாகப் பார்த்தேன். மாவுப் பட்டியலைப் பார்த்த மூவரில் இருவர், "வேலைக்குப் போகிற பெண், பாவம், நேரமிருக்காது" என்றார்கள். அதில் ஒருவர், தானும் வாரம் மூன்று பாக்கெட் வாங்குவதாகச் சொன்னார். சோம்பேறி என்று யாரும் சொல்லவில்லை! பழைய குழுப் பதிவுகளைத் தூக்கிப் போடவா?

களப்பணிக்காரி:
வேண்டாம் தங்கம். நாலு பேர் எதிரில் சொன்னதையும் தனியாகச் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுது. அந்த வித்தியாசம்தான் உன் புராஜெக்ட்.