கைது செய்தியில் அப்பா பெயரும் தெருப் பெயரும் எதற்கு?

அரசமரம்:
ஒருவரைப் பிடித்த அன்று சாயங்காலமே அவர் படம், அப்பா பெயர், தெரு, வேலை பார்க்கிற இடம் எல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. குற்றப்பத்திரிகை வரவே இரண்டு மூன்று மாதம் ஆகும், தீர்ப்புக்கு வருடக்கணக்கு. வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்வதோ அந்த வாரத்திலேயே. குற்றப்பத்திரிகை தாக்கலாகும்வரை பெயர், வயது, என்ன குற்றச்சாட்டு, இவ்வளவு வெளியே சொன்னால் போதும் என்கிறேன்.

கீழவாசல்:
ஒத்துக்கொள்ள மாட்டேன். கைதானவர்களின் பெயரையும் முகவரியையும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லாரும் பார்க்கும்படி வைக்கச் சொல்வதே சட்டம்தான் (கைது, விசாரணை நடைமுறைகளைச் சொல்கிற பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 37-ஆவது பிரிவு). ராத்திரி கூட்டிக்கொண்டு போனவரைத் தேடி வீட்டுக்காரர்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைவதும், எல்லா இடத்திலும் ‘இங்கே இல்லை’ என்ற பதிலே வருவதும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. அதற்கு மருந்துதான் இந்த வெளிப்படைத்தன்மை. முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதற்காகத்தான். இன்னொன்று: ஒரே ஊரில் நாலு முருகன் இருப்பார்கள். அப்பா பெயரும் தெருவும் இல்லாவிட்டால் மற்ற மூன்று முருகன் வீட்டுக்கும் சேர்த்துத்தான் கெட்ட பெயர்.

அரசமரம்:
நாலு முருகன் விஷயம் நியாயமான கேள்வி. ஆனால் ஸ்டேஷன் பலகையும் டிவியில் படத்தோடு போடுகிற செய்தி கார்டும் ஒன்றல்ல. தேடி வருகிறவருக்காக வைப்பது பலகை. கைது விவரத்தை உறவினருக்கோ, கைதானவர் சொல்கிற வேறொருவருக்கோ தெரிவிப்பது போலீசின் கடமை, அது அதே சட்டத்தின் 48-ஆவது பிரிவு. குடும்பத்துக்குத் தெரியட்டும் என்று வந்த ஏற்பாட்டை வைத்துக் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

செந்தூரம்:
இரண்டு பேரும் ஒரு வகை வழக்கை விட்டுவிட்டீர்கள். போக்சோவில், அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின் வழக்கில், அப்பாவே குற்றம்சாட்டப்பட்டவர் என்றால்? ‘9-ஆம் வகுப்பு மாணவி, தந்தை கைது’ என்று எழுதி, பக்கத்தில் அவர் பெயரையும் தெருவையும் போடுகிறார்கள். சிறுமியின் பெயரைப் போடவில்லையே என்று நினைக்கிறார்கள். தெருவுக்கே தெரிந்துபோகிறது! போக்சோ 23-ஆவது பிரிவு குழந்தையின் பெயரை மட்டும் தடுக்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டுகிற எதுவும் ஊடகத்தில் வரக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்த வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவரின் வீடும் பாதிக்கப்பட்டவரின் வீடும் ஒரே வீடு.

கீழவாசல்:
போக்சோவில் மறுபேச்சு இல்லை. வெளியே சொல்லக் கூடாது.

பொன்னி:
செய்தி பரவினால் குடும்பத்துக்கு அவமானம் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அது நேராக அடிப்பது ஜாமீனில். பெரும்பாலும் இரண்டு சூரிட்டி, அதாவது பிணை நிற்க இரண்டு பேர் கேட்பார்கள். அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சில சமயம் வரும். பிணைப் பத்திரத்தில் போட்டோ ஒட்டி, இடது பெருவிரல் ரேகை வைத்து, ஆதார் அல்லது பேங்க் பாஸ்புக் நகல் கொடுக்க வேண்டும். படம் ஊரெல்லாம் சுற்றிய பிறகு எந்தச் சித்தப்பா தன் போட்டோவை அங்கே ஒட்டுவார்? ஜாமீன் உத்தரவு கையில் இருக்கும், ஆள் உள்ளேயே இருப்பார்.

இதற்கு 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தருகிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் சூரிட்டி கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். வீட்டில் இருக்கிறவர்கள் காத்திருக்காமல் ஆணைக்குழு அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது. இலவச எண் 15100. இந்த இலவச உதவி பெறப் பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு கிடையாது.

இன்னும் இரண்டு. பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, வீட்டில் வந்துதான் கேட்க வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 179-ஆவது பிரிவு). தேடப்படுகிறவரை வீட்டில் ஒளித்து வைத்தால், குற்றங்களுக்குத் தண்டனை சொல்கிற பி.என்.எஸ். சட்டத்தின் 249-ஆவது பிரிவுப்படி குற்றம். அதில் விலக்கு கணவனுக்கும் மனைவிக்கும் மட்டும்தான். அம்மாவுக்கு இல்லை. பெற்ற மகனுக்குக் கதவைத் திறந்த தாய்மேலும் வழக்கு வரலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

கீழவாசல்:
பொன்னி, சூரிட்டி பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கொலையானவர் வீட்டையும் நினையுங்கள். சாட்சியை மிரட்ட வருவது பல வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவரின் சொந்தக்காரர்கள்தான். எதிராளி யார், எந்த ஊர் என்று சாட்சிக்குத் தெரிந்திருப்பதே ஒரு பாதுகாப்பு.

அரசமரம்:
சாட்சிக்குத் தெரியட்டும், புகார் கொடுத்தவரிடம் முதல் தகவல் அறிக்கை நகல் இருக்கும். படத்தைப் பரப்பினால் அந்தச் சாட்சிக்கே கேடு. முகம் தெரியாத ஆளைப் பார்த்த வழக்கில், சிறையில் மாஜிஸ்திரேட் முன்னால் அடையாள அணிவகுப்பு நடக்கும், அதாவது பலரோடு நிற்க வைத்து ‘இவர்தான்’ என்று சாட்சியைக் காட்டச் சொல்வார்கள். அதற்கு முன்பே போட்டோ டிவியில் வந்திருந்தால், ‘டிவியில் பார்த்த முகத்தைத்தான் காட்டினார்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அணிவகுப்புக்கு மதிப்பே போய்விடும். போலீஸ் முகத்தை மூடிக் கூட்டிப்போவது அதனால்தான்.

கீழவாசல்:
சரி, அணிவகுப்பு முடியும்வரை படம் வேண்டாம். ஆனால் சீட்டு மோசடி? பெயரும் முகவரியும் வெளியே வந்தால்தான் பணம் கட்டிய மற்றவர்கள் புகார் கொடுக்க வருவார்கள்.

அரசமரம்:
நிறுவனத்தின் முகவரியைப் போடுங்கள். ஜனங்கள் பணம் கட்டப் போனது அந்த ஆபீசுக்குத்தான், அவர் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அல்ல.

கீழவாசல்:
தீபாவளிச் சீட்டு நடத்துகிறவருக்கு ஏது தனி ஆபீஸ்? வாராவாரம் அட்டையை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில்தான் கட்டியிருப்பார்கள். அந்த வகை வழக்குக்குத் தெருப் பெயர் வேண்டும் என்பதில் நான் இறங்கி வரவில்லை.