கோடிக் காம்பராவில் பிள்ளைகளோடு இருக்கிறோம், பாதுகாப்புக்கு முதலில் எதைச் செய்வது?

மலைமகள்:

வணக்கம். நாங்கள் இருப்பது தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் உள்ள வரிசை வீடுகளில் கடைசியான கோடிக் காம்பரா. அவருக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை, மாதத்துக்கு ஒரு தரம்தான் வருவார். வீட்டில் நான், மாமியார், ஒன்பது வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள். அடுத்த காம்பரா போன வருடத்திலிருந்து பூட்டிக் கிடக்கிறது, அந்தக் குடும்பம் வத்தளைப் பக்கம் போய்விட்டது.

முன்பெல்லாம் கதவைச் சும்மா சாத்திவிட்டுக் கொழுந்துக்குப் போவார்கள். இப்போது அப்படி இல்லை. ஒரு மாதத்துக்குள் கீழ் லயத்தில் இரண்டு வீட்டை உடைத்துவிட்டார்கள், இரண்டும் பட்டப்பகலில், எல்லாரும் மலையில் நிற்கும் நேரம். ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டரும் பிள்ளையின் தோடும், இன்னொன்றில் சீட்டுக்குச் சேர்த்து வைத்த காசு. ஆற்றோரம் பாழாய்க் கிடக்கிற, முன்பு கொழுந்து நிறுத்த பழைய மடுவத்தில் பொழுது சாய்ந்தால் வெளியாட்கள் வந்து கூடுகிறார்கள், ஐஸ் போதைப்பொருள் என்று பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் இரவு எங்கள் குசினிக் கதவை யாரோ தள்ளிப் பார்த்தார்கள், மாமி "யாரது" என்று சத்தம் போட்டதும் ஓடுவது கேட்டது. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. பெரியவள் இருட்டினால் வெளிக் கக்கூசுக்குப் போகவே பயப்படுகிறாள்.

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. அவர் கேமரா வாங்கச் சொல்கிறார், மாமி ஜன்னலுக்குக் கம்பி அடிக்கச் சொல்கிறார், தம்பி ஒரு நாய் கொண்டுவந்து விடுகிறேன் என்கிறான். எல்லாவற்றுக்கும் காசு போதாது. எதை முதலில் செய்வது? நான் டவுனில் கடை வேலைக்குப் போகும்போது சின்னவனையும் மாமியையும் உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

ஹட்டன் வயரிங்:

தங்கச்சி, நான் பதினைந்து வருடமாக வயரிங் வேலை செய்கிறேன், கேமராவும் மாட்டிக் கொடுக்கிறேன். அதில்தான் எனக்குச் சம்பாத்தியம், ஆனாலும் சொல்கிறேன், முதல் காசைக் கேமராவில் போடாதீர்கள். கேமரா நடந்ததைக் காட்டும், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்காது.

நம் பக்கம் பனி வேறு இருக்கிறது. இருட்டில் இந்தக் கேமராக்கள் நம் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளியை அடித்துத்தான் பார்க்கின்றன. பனி இறங்கினால் அந்த ஒளி பனித்துளியில் பட்டு லென்சுக்கே திரும்பி வந்துவிடும். நானுஓயாவில் ஒரு வீட்டுக்கு மாட்டிக் கொடுத்தேன், கோழிக்கூட்டை உடைத்த இரவில் பதிவானதைப் போட்டுப் பார்த்தால் திரை முழுக்கப் பால் ஊற்றினது போல வெள்ளை, லென்ஸ் மூலையில் சிலந்தி கட்டிய நூல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும், அப்போது போனுக்குச் செய்தியும் வராது.

பிறகு காசு சேர்ந்து வாங்கினால் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பின் கூரைக்குக் கீழே மாட்டுங்கள், கேமராவின் சொந்த ஒளியை அணைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு பல்பை எரிய விடுங்கள், படம் எவ்வளவோ தெளிவாக இருக்கும். மெமரி கார்டு போடுகிற மாதிரி வாங்குங்கள். பெட்டியோடு வருகிற பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். பக்கத்து வீட்டு வாசல் படத்தில் விழாமல் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் அதில் ஒரு சண்டை வரும்.

இப்போதைக்கு ஆள் வந்தால் தானாக எரியும் சென்சர் லைட் இரண்டு போதும். ஒன்று குசினிக் கதவுக்கு மேலே, ஒன்று பிள்ளை கக்கூசுக்குப் போகும் வழிக்கு. ஏழெட்டு அடி உயரத்தில், ஆள் குறுக்கே நடக்கிற பக்கம் பார்த்து வைக்க வேண்டும். அது உடம்புச் சூடு நகர்வதைத்தான் பிடிக்கும், நேராக அதை நோக்கி வருகிறவனைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பிடிக்கும். சோலார் லைட் மலிவு என்று வாங்காதீர்கள், ஜூன் ஜூலையில் நாள் கணக்காக வெயிலே இல்லாவிட்டால் அது எப்படி சார்ஜ் ஏறும்? கரண்டில் ஓடுவதை வாங்கி, கரண்ட் போகிற நேரத்துக்கு சார்ஜ் பல்ப் ஒன்றை வீட்டுக்குள் போடுங்கள். கதவு திறந்தால் கத்துகிற சின்ன காந்த அலாரமும் கிடைக்கிறது, பற்றரியில் ஓடும், இரண்டு கதவுக்கும் ஒவ்வொன்று.

மஸ்கெலியா தம்பி:

அக்கா, குசினிப் பக்கம் ஒரு கம்பியை இழுத்து இரவில் மட்டும் கரண்ட் விட்டால் என்ன? எங்கள் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் பன்றிக்கு அப்படித்தான் செய்கிறார்கள்.

ஹட்டன் வயரிங்:

தம்பி, வேண்டவே வேண்டாம். 230 வோல்ட் திருடன் யார், பிள்ளை யார் என்று பார்க்காது. அக்காவின் மகள் இரவில் கக்கூசுக்கு எழும்பினால் அந்தக் கம்பியில் முதலில் போய்ப் படுவது அவள்தான். பன்றிக்கு விட்ட கம்பியில் மனிதர் செத்த செய்தியை நாம் எத்தனை தரம் பத்திரிகையில் பார்த்துவிட்டோம். அது சட்டப்படி குற்றமும்கூட. உங்கள் ஊரிலும் யாராவது அப்படிச் செய்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

பண்டாரவளை டீச்சர்:

மகள், உங்கள் கடைசி வரியைப் படித்ததும் மனம் பதறிவிட்டது. சின்னவனையும் மாமியையும் உள்ளே வைத்து வெளியே பூட்டாதீர்கள். ஒரு நாளைக்குக்கூட வேண்டாம்.

நான் பிறந்து வளர்ந்ததும் லயத்தில்தான். எனக்குப் பதினோரு வயதில் எங்கள் லயம் எரிந்தது, பழைய வயரில் மின்சாரம் கசிந்துதான் தீப் பிடித்தது என்றார்கள். மூன்றாவது காம்பராவில் பிடித்தது நாங்கள் வாசலுக்கு ஓடி வருவதற்குள் எட்டாவதுக்குப் போய்விட்டது. லயம் முழுக்க ஒரே கூரைதானே, காம்பராவுக்குக் காம்பரா நடுவில் உள்ள சுவர் பல இடங்களில் கூரை வரைக்கும் போகாது, அந்த இடைவெளி வழியாகத்தான் தீ ஓடுகிறது. அப்பாயி வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது, சாவி மலையில் நின்ற மருமகளின் மடியில். கோடாலியால் கதவைப் பிளந்துதான் அவரை வெளியே எடுத்தார்கள். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஜன்னலுக்குக் கம்பி அடிப்பதானாலும் ஒரு ஜன்னலாவது உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி கீல் வைத்து அடிக்கச் சொல்லுங்கள், அதன் சாவி பெரியவளுக்கு எட்டுகிற ஆணியில் எப்போதும் தொங்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்துத் திறக்கிறாளா என்று இரண்டு மூன்று தரம் செய்ய வைத்துப் பாருங்கள்.

நான் சொன்ன அதே இடைவெளி வழியாக ஆளும் இறங்கலாம். உங்கள் பக்கத்துக் காம்பரா வேறு வெறுமையாகக் கிடக்கிறது. அதன் தகரம் எங்காவது தூக்கியிருக்கிறதா, மேலே வைத்த கல் விலகியிருக்கிறதா என்று பகலில் போய்ப் பாருங்கள். தோட்டத் தலைவரோடு போய் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், அந்தக் கூரையைச் சரி செய்யவும் இடைவெளியை அடைக்கவும். வத்தளைக்குப் போனவர்களிடம் சாவியையும் வாங்கி வையுங்கள்.

அப்புறம் ஆட்கள். நீங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் காவல் போட்டால் திருடன் அடுத்த வீட்டுக்குப் போவான், உங்கள் பயம் போகாது. லயத்தில் பென்ஷன் எடுத்த ஆயாமார் இருப்பார்களே, பகலில் இஸ்தோப்பில் உட்கார்ந்து யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்க அவர்களை விட ஆள் வேண்டுமா? மாமியும் அந்தக் கூட்டத்தோடு உட்காரட்டும், சின்னவனை, தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விடுங்கள். இரவில் தகரத்தில் மழை பெய்தால் பக்கத்து வீட்டுக் கூப்பாடுகூடக் காதில் விழாது, அதனால் நாலைந்து வீடு சேர்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள்: இரவில் யாரிடமிருந்து மிஸ்ட் கோல் வந்தாலும் எல்லாரும் லைட்டைப் போட்டுவிட்டுச் சேர்ந்து வெளியே வருவது. தனியாக ஒருவரும் வெளியே போகக் கூடாது. போதையில் நிற்பவனோடு பேசப் போகாதீர்கள், 119க்கு எடுங்கள்.

கதவைத் தள்ளிப் பார்த்ததையும் முறைப்பாடு செய்யுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதியதை வாசிக்கத் தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார், திருடு போன திகதியே அதில் பிழை. தமிழும் அரச கரும மொழி, 1987இலிருந்தே அரசியலமைப்பில் இருக்கிறது. தமிழில் எழுதித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். போனில் *#06# அடித்தால் வரும் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், போன் களவு போனால் கேட்பார்கள்.

நகை இருந்தால் வீட்டில் வைக்காதீர்கள். எங்கள் பக்கம் நிறையப் பேர் வங்கியில் சின்னத் தொகைக்கு அடகு வைத்துவிடுகிறார்கள், கொஞ்சம் வட்டி போகும், பொருள் பத்திரமாக இருக்கும்.

கொட்டகலை ஆசாரி:

டீச்சர் சொன்னதுக்கு மேலே கதவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் பார்த்த வரைக்கும் உடைத்த வீடுகளில் பூட்டை யாரும் உடைக்கவில்லை. கொண்டியைப் பிடித்திருக்கிற திருகாணியைக் கழற்றிவிட்டு, பூட்டைப் பூட்டினபடியே தொங்க விட்டுப் போயிருப்பார்கள். விலையான பூட்டு வாங்கி அரை அங்குலத் திருகாணியில் மாட்டி என்ன பிரயோசனம்? முன்கதவுக் கொண்டிக்குத் திருகாணி வேண்டாம், கதவை ஊடுருவிப் போகிற போல்ட் போடுங்கள். தலை உருண்டையாக, ஸ்பேனரில் பிடிபடாத மாதிரி இருக்கும், அந்தத் தலை வெளியே, நட் உள்ளே. கீலுக்கு மூன்று அங்குலத் திருகாணி, நிலையில் ஆழமாகப் போய் நிற்கும். நிலை உளுத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

குசினிக் கதவுக்குப் பூட்டே தேவையில்லை. கதவு உள்பக்கம் திறப்பதுதானே? உள்ளே நிலையின் இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி அடித்து, இரண்டு அங்குலத்துக்கு நாலு அங்குலக் கட்டை ஒன்றைக் குறுக்கே போடுங்கள். வெளியே இருந்து தள்ளினால் அசையாது, உள்ளே இருப்பவர் சாவி தேடாமல் ஒரே தூக்கில் எடுத்துவிட்டு ஓடலாம். கூரை இடைவெளியைப் பலகையால் அடைக்காதீர்கள், டீச்சர் சொன்ன தீக்கு அது விறகுதான். தகரம் அடியுங்கள்.

நாய் நல்லதுதான், ஊசி போட்டு வளருங்கள். இரவில் வெளியே கட்டிப் போட்டால் சிறுத்தை தூக்கிவிடும், குசினிக்குள்ளே விடுங்கள், சத்தம் போட அங்கிருந்தே போதும்.

மலைமகள்:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. டீச்சர், வெளியே பூட்டுகிற எண்ணத்தையே விட்டுவிட்டேன், படித்துக் காட்டியபோது மாமியும் அழுதுவிட்டார். திங்கள் முதல் சின்னவன் பிள்ளைக் காம்பராவுக்குப் போகிறான். நேற்றுப் பகலில் அடுத்த காம்பராவின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன், ஒரு தகரம் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் தூக்கியிருக்கிறது, உள்ளே பீடித் துண்டும் கிடந்தது. கை கால் நடுங்கிவிட்டது. இன்றைக்குத் தலைவரிடம் சொல்லிவிட்டேன், நாளைக்குக் கீழ் லயத்து அக்காவோடு பொலிசுக்குப் போகிறேன்.

சனிக்கிழமை அவர் வருகிறார், கதவு வேலை அன்றைக்குத்தான். கதவுப் பலகை ஒரு அங்குலம் இருக்கிறது, எத்தனை அங்குல போல்ட் வாங்க? அந்தக் கட்டை மாமிக்குப் பாரமாக இருக்குமா?

கொட்டகலை ஆசாரி:

இரண்டு அங்குலம் வாங்குங்கள், உள்ளே வாஷர் போட்டு இறுக்க இடம் இருக்கும். கொண்டிக்கு நாலு போல்ட். கட்டையை வெட்டினதும் மாமியிடமும் பெரியவளிடமும் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவளால் ஒரே மூச்சில் எடுக்க முடியாவிட்டால் அகலத்தைச் சீவிக் குறையுங்கள், மூன்று அங்குலம் வரைக்கும் குறைத்தாலும் அது தாங்கும்.